மைக் அக்காவின் எச்சரிக்கை

பேருந்து நிலையத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓட்டுநர், நடத்துநர், பழக்கடைக்காரர், கழிவறை வாசலில் உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிட வயதில் மூத்த டைம்கீப்பர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு ஓர் அறை. அதில் ஒரு மேஜை, ஒரு மைக், வண்டி நேரம் எழுதிய பலகை, சுற்றிக்கொண்டே இருந்தாலும் காற்று தராத ஒரு விசிறி. ஜன்னலும் உண்டு. ஆனால் மைக்கின் ஒயர் குட்டை. அதனால் மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இத்தனை வருஷம் அவள் எந்தக் கூட்டத்தோடு பேசினாளோ, பேசும்போது அந்தக் கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை.

முதலில் கீழே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். அறிவிப்புச் செய்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், யார் கிடைப்பார்கள் என்று தேடி அவளை மேலே தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை. அவள் குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது. ஆனால் கண்டிப்பானது. வண்டி கிளம்பப் போகிறது என்று அவள் சொன்னால், பெஞ்சில் தூங்குகிறவன் கண்ணைத் திறக்கும் முன்பே செருப்பைத் தேடுவான்.

சந்தேகம் அவளுக்குக் கூடவே பிறந்தது. வருஷக்கணக்காக வீட்டுக்கு காஸ் கொண்டுவருகிறவரிடமும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். “இப்படி இழுத்தா திருடனே வர வேண்டாம், பூட்டு தானா வந்துடும்” என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் பேட்டரி கடையில் வேலை செய்கிறவர். சாயங்காலம் வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து “யாரு?” என்று வரும். நான்தான் என்பார். நான்தான்னா யாரு என்று மறுபடி வரும். உன்னைக் கட்டிக்கிட்டு மாட்டிக்கிட்டவன் என்று அவர் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போன் செய்தாலும் முதல் கேள்வி, ரூம் கதவைப் பூட்டினாயா என்பதுதான்.

அந்த வருஷம் மழை தொடங்கிய மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வந்த ஒரு மனிதர், சட்டைப்பை கிழிந்து தொங்க, படியேறி அவள் அறைக்கே வந்துவிட்டார். மைக்கில் சொல்லுங்கம்மா, எடுத்தவன் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுவான் என்று கும்பிட்டார். அவளும் சொன்னாள். யாரும் திருப்பித் தரவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கிழிந்த பை அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. மறுநாளிலிருந்து, மேலிடத்தில் யாரையும் கேட்காமல், வண்டி அறிவிப்போடு சொந்தமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்: “பயணிகளின் கவனத்திற்கு. இங்கே பிக்பாக்கெட் திருடர்கள் நடமாட்டம் உண்டு. உங்கள் பணம், நகை, கைபேசி பத்திரமாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.” அந்த ‘இப்போதே’ என்ற சொல்லை அவள் ஓர் அழுத்து அழுத்திச் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டாவது, அவள் தம்பி வந்து சேர்ந்தான்.

பல வருஷம் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று ஒழுங்காகச் சொல்லாத தம்பி. கையில் ஒரே ஒரு பை. வேலை போய்விட்டது, கொஞ்ச நாள் இருந்துகொள்கிறேன் என்றான். மகளின் அறை காலியாகத்தான் இருந்தது. டைம்கீப்பரிடம் சொல்லி, பேருந்து நிலையத்துப் பார்சல் கொட்டகையில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையை அவளே வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக் கொடுத்த நாளிலிருந்தே ஒரு சந்தேகமும் கூடவே உட்கார்ந்துகொண்டது. சின்ன வயதில் அவன் ஒரு கடிகாரக் கடையில் வேலை பார்த்தான். விலை உயர்ந்த ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனது. முதலாளி அவனைத்தான் கைகாட்டினார். போலீஸ் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டது. அந்தக் கடிகாரம் யார் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்போது அவளுக்குக் கல்யாணமான புதிது. எடுத்தாயா என்று அவனை அவள் கேட்டதே இல்லை. இல்லை என்று சொன்னால் நம்ப முடியுமா என்கிற பயம்.

மழை முடிகிற சமயத்தில் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, குற்றம் குறைந்த இடத்துக்குப் பச்சை, கூடின இடத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் அடித்திருந்தார்கள். பேருந்து நிலையமும் அவர்கள் குடியிருக்கும் தெருக்களும் சேர்ந்த பகுதிக்குக் கறுப்போ என்று சந்தேகப்படும்படியான சிவப்பு. எதிலேயோ முதலிடம் வந்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவே ஒரே நாளில் மாறிப்போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்குக் கம்பி அடித்தார். எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடக்கூட வாசலைப் பூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். தெருவில் அறிமுகம் இல்லாத முகம் தெரிந்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அந்த முகம் திரும்பும்வரை பார்த்தார்கள். திருட்டு நடப்பதற்கு முன்பே எல்லாரும் திருட்டுக் கொடுத்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

மைக் அக்கா பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். அது பேருந்து நிலையத்தின் பின்வாசலை ஒட்டியே இருக்கிறது. அங்கே புகார் எழுதுகிறவர் ஒரு பெண். ரைட்டர் மேடம் என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டீக்கடைப் பழக்கம். படத்தைப் பார்த்ததுமே ரைட்டர் மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இதை வச்சுக்கிட்டு என்னை வதைக்காத ஆளே இல்லக்கா. இங்க குடியிருக்கிற வீடு எத்தனை? கொஞ்சம். பகல்ல வந்து போற ஜனம்? அது வெள்ளம் மாதிரி. திருட்டை எண்ணும்போது வந்து போறவங்களுக்கு நடந்ததையும் சேர்த்து எண்ணுறாங்க. வகுக்கும்போது மட்டும் இங்க குடியிருக்கிறவங்களை வச்சு வகுக்கிறாங்க. அப்புறம் சிவப்பா வராம என்ன வரும்?”

இன்னொன்றும் சொன்னார். வழியில் எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் பணம் போகிறது. பயணிக்கு அப்போது தெரிவதில்லை. கடைசி நிறுத்தமான இங்கே இறங்கி, ஒரு டீ குடிக்கப் பைக்குள் கைவிடும்போதுதான் தெரிகிறது. நேராக இந்த மேஜைக்கு வருகிறார்கள். எங்கே எடுத்தான் என்று யாருக்கும் தெரியாததால், தெரியவந்த இடத்துக் கணக்கில் எழுதப்படுகிறது. “நம்ம ஏரியா திருடுற ஏரியா இல்லக்கா. திருட்டுப் போனதைக் கண்டுபிடிக்கிற ஏரியா.” பச்சை அடித்த பகுதிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றும் சொன்னார். அங்கே சில இடங்களில் காவல் நிலையம் ரொம்ப தூரம். புகார் கொடுக்கப் போய்வருகிற செலவுக்குப் பயந்தே பலர் போவதில்லை. புகார் வராத திருட்டு எந்தப் படத்திலும் வராது.

மைக் அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. எழுந்திருக்கப் போனாள். ரைட்டர் மேடம் குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா ஒண்ணு இடிக்குது. அடுத்த ஏரியாவோட ஒப்பிட்டாத்தான் இந்தக் கணக்கு பொய். நம்ம கணக்கை நம்ம பழைய கணக்கோட வச்சுப் பார்த்தா அது பொய் சொல்லாது. மழை ஆரம்பிச்சதிலேர்ந்து இங்க பிக்பாக்கெட் ஏறிக்கிட்டே போகுது. அதே வண்டி, அதே ரூட்டு, அதே கூட்டம். ஏதோ ஒண்ணு புதுசா உள்ள வந்திருக்கு. உங்களுக்குத்தான் அங்க எல்லா முகமும் தெரியுமே, அக்கா. புதுசா வந்தது யாரு?”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? மழை தொடங்கிய மாதத்தில் பேருந்து நிலையத்துக்குப் புதிதாக வந்த ஆள் ஒரே ஒருவன்தான். அவன் அவள் வீட்டில் சாப்பிடுகிறான்.

அன்று சாயங்காலம் தம்பி குளிக்கப் போனதும் அவள் மகளின் அறைக்குள் நுழைந்தாள். அவன் குளிப்பது வெளியே கேட்கும். நிதானமான ஆள், ஒரு குவளைக்கும் அடுத்த குவளைக்கும் நடுவில் ஒரு யோசனை செய்கிறவன் போல இடைவெளி விடுவான். அந்த இடைவெளிகளில் அவளும் அசையாமல் நின்று, தண்ணீர் விழும்போது மட்டும் கையை நகர்த்தினாள். கட்டிலுக்கு அடியில் பை. இரண்டு சட்டை, சவரக்கத்தி, ஒரு துண்டு. அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பர்ஸுகள். ஆண்கள் வைத்துக்கொள்வது, பெண்கள் வைத்துக்கொள்வது, நல்ல தோலில் ஒன்று, ஜிப் போன ஒன்று. ஒன்றிலும் காசு இல்லை. ஒரு பர்ஸின் கண்ணாடி உறைக்குள் யாருடைய குழந்தையோ பல் இல்லாமல் சிரித்தது. ரப்பர் வளையம் போட்டு நாலைந்து அடையாள அட்டைகள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள். எரியாத அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

சாப்பிடும்போது அவன் கைகளையே பார்த்தாள். விரல்கள் நீளம். தங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இத்தனை நீளமான விரல் இல்லையே என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. அவன் குழம்புக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் நகர்த்தினான். அதுவும் தப்பாகப் பட்டது. இன்றைக்கு நிலையத்தில் கூட்டம் எப்படி என்று கேட்டான். அதை ஏன் கேட்கிறான் என்று பட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். ஏன் பேசவில்லை என்று பட்டது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவனிடமே கேள் என்றார் அவர்.

“கேட்டா உண்மையச் சொல்லிடுவானா?”

“கேக்காம இருந்தா பொய்கூடச் சொல்ல மாட்டான். கேட்டாத்தானே ஏதாவது ஒண்ணு வரும்?”

அவள் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அவளுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை. மைக்கில் மட்டும் ஒரு தடவைக்கு மூன்று தடவையாக எச்சரித்தாள். எச்சரிக்க எச்சரிக்கத் திருட்டுக் கூடியது. கூடக் கூட இன்னும் எச்சரித்தாள். தொண்டை கரகரத்துப் போனது. டைம்கீப்பர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மேலிடத்துக்கு எழுதிப்போட்டு, குரலைப் பதிவு செய்து தானாகவே ஒலிக்கிற ஒரு பெட்டியை வரவழைத்தார். நல்ல தண்ணீர் குடித்துவிட்டு வண்டி நேரங்களையும் அந்த எச்சரிக்கையையும் ஒரே ஒரு முறை சொல்லிப் பதிவு செய்தாள். ‘இப்போதே’ நன்றாக விழுந்திருக்கிறது என்று டைம்கீப்பர் பாராட்டினார்.

அன்று மத்தியானம் ஜன்னலுக்குக் கீழே ஓர் அழுகை கேட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனது அவள் பணம் இல்லையாம். வேலை செய்கிற வீட்டம்மாவின் பணமாம். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அவளைத்தான் திருடி என்பார்கள். மைக் அக்காவால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இப்படி இன்னும் எத்தனை பேர் தன் வாய் மூடியிருப்பதால் அழப்போகிறார்கள் என்று நினைத்தாள். படியிறங்கி, பின்வாசல் வழியாகப் போய், ரைட்டர் மேடத்தின் முன்னால் நின்றாள்.

“புதுசா வந்தது என் தம்பிதான்.”

பர்ஸுகளையும் சொன்னாள். கடிகாரக் கடையையும் சொன்னாள். ரைட்டர் மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். நாளைக்குக் காலையில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்கிறோம், கேட்கத்தான் கேட்போம், வேறொன்றும் இல்லை என்றார். வெளியே வரும்போது மைக் அக்காவுக்கு ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இன்னொரு பாரம் ஏறிக்கொண்டது போல இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பெட்டி வேலை செய்யத் தொடங்கியது. பல வருஷத்தில் முதல்முறையாக, நெரிசல் நேரத்தில் அவளுக்கு வாய் ஓய்வு. கீழே இறங்கினாள். தம்பியைப் பார்க்க வேண்டும் என்றுதான் இறங்கினாள். கூப்பிட ஆள் வரும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழக்கடைக்குப் பின்னால் மறைந்து நின்றாள். அவன் பார்சல் கொட்டகையிலிருந்து ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு கையும் மேலே தூக்கி மூட்டையைப் பிடித்திருந்தன. சுற்றிலும் நடைமேடை கொள்ளாத ஜனம்.

அப்போது கூரையிலிருந்து அவள் குரலே பேசியது. பயணிகளின் கவனத்திற்கு. இங்கே பிக்பாக்கெட் திருடர்கள் நடமாட்டம் உண்டு.

தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அவளுக்கு வேறு யாரோ மிரட்டுவது போல இருந்தது. ‘இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அது சொன்னதும், நடைமேடை முழுக்க ஓர் அசைவு. காற்றடித்தால் வயல் சாய்வதுபோல எல்லாக் கைகளும் ஒன்றாக அசைந்தன. முன்னால் நின்ற பெரியவரின் கை இடது மார்புக்குப் போனது. ஒரு கல்லூரிப் பையன் பின்பாக்கெட்டைத் தட்டினான். ஒரு பெண் தோள்பையை விட்டுவிட்டு, கையிலிருந்த துணிப்பையின் அடியைத் தடவிப் பார்த்தாள். அப்படியென்றால் பணம் தோள்பையில் இல்லை. ஒருவர் குனிந்து காலுறையைத் தொட்டார். காலுறைக்குள் பணம் வைத்திருப்பார் என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? அவரே காட்டிக்கொடுத்தார்.

மைக் அக்காவின் கையும் போயிருந்தது. உடைக்கு உள்பக்கம் ஊசி குத்தி வைத்திருந்த சின்னப் பர்ஸின் மேல் அவள் உள்ளங்கை அழுந்திக் கிடந்தது. அவள் சொன்னதை அவளே கேட்டு, அவளே தொட்டுப் பார்த்திருக்கிறாள். கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

தூணுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மடித்த பத்திரிகை, யாரையோ வழியனுப்ப வந்த ஆபீஸ்காரன் தோற்றம். அவனுடைய கை எந்தப் பாக்கெட்டுக்கும் போகவில்லை. அவன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் ஓய்ந்ததும் பெரியவருக்குப் பின்னால் போய், அவர் ஏறப்போகிற வண்டிக்காகத் தானும் காத்திருப்பவன்போல நின்றுகொண்டான்.

கைகள் அசையாமல் இருந்த இன்னொருவன் அவள் தம்பி. மூட்டையோடு அவன் வண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவனிடம் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, தொட ஒரு கையும் இல்லை.

அவள் சத்தம் போட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துவிட்டாள். என்னம்மா என்ன என்று அவர் பதறுவதற்குள் வெள்ளைச் சட்டை கூட்டத்தில் கரைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் வண்டிக்குப் பக்கத்தில் மூட்டை மட்டும் கிடந்தது. தம்பியைக் காவல் நிலையத்திலிருந்து வந்து கூட்டிப்போயிருந்தார்கள்.

காவல் நிலையத்தில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தோளில் மூட்டைத் தூசி அப்படியே இருந்தது. ரைட்டர் மேடம் கேட்டதற்கு அவன் பதில் சொல்லி முடித்திருந்தான். திருடுகிறவர்கள் காசை எடுத்துக்கொண்டு வெறும் பர்ஸைக் கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவில் வீசிவிட்டுப் போகிறார்கள். அவன் பொறுக்கி எடுத்து, அட்டைகள் நாலைந்து சேர்ந்ததும் தபால் பெட்டியில் போட்டுவிடுவான். அட்டையில் இருக்கிற முகவரிக்குப் போய்ச் சேரும். அவனுக்கே இப்படிப் பேருந்தில் அட்டை பறிபோய், நீ யார் என்பதற்கு அத்தாட்சி கேட்டுக் கேட்டு, போன இடத்தில் எல்லாம் வேலை தராமல் திருப்பி அனுப்பினார்களாம். அவன் பேசாமல் மறைத்த வருஷங்களில் பாதி அதுதான். நல்லதாக இருந்த பர்ஸுகளை மட்டும் வைத்துக்கொண்டான். குழந்தைப் படம் வைத்த பர்ஸில் முகவரி இல்லை. எறிய மனம் வரவில்லை.

இதை ஏன் நேராக இங்கே கொண்டுவந்து தரவில்லை என்று ரைட்டர் மேடம் கேட்டாராம். அதற்கு அவன் சொன்னதை அவரே மைக் அக்காவிடம் திருப்பிச் சொன்னார்: “முன்னாடி ஒரு தடவை என் கையில இல்லாத பொருளுக்கே என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. கையில இருந்தா விட்டுடுவாங்களா?”

மைக் அக்கா கீழே பார்த்ததை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். ரைட்டர் மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. மழை மாதத்தில் வந்தது இரண்டு. ஒன்று இவன், ஒன்று உங்கள் அறிவிப்பு. எது காரணம் என்று பார்த்தால்தானே தெரியும் என்றார். அதற்கு அவர் சொன்ன வழி எளிதாக இருந்தது. தம்பி ஒரு மாதம் பேருந்து நிலையத்துக்கு வராமல் இருக்கட்டும். புகார் குறைகிறதா என்று பார்ப்போம்.

ஒரு மாதம் வராதவனுக்காக மூட்டை காத்திருக்காது என்பது பெஞ்சில் இருந்தவனுக்குத் தெரியும். வேறு ஆள் வந்துவிடுவான். மறுபடி நீ யார், ஏன் போனாய் என்ற கேள்விகள் தொடங்கும்.

“அவனை நிறுத்த வேண்டாம் மேடம். என்னை நிறுத்துங்க” என்றாள் மைக் அக்கா. “ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டுப் பார்க்கணும், அவ்வளவுதானே? அவன் மூட்டை தூக்கட்டும். என் எச்சரிக்கை ஒரு மாசம் வாயை மூடட்டும். அவனை நிறுத்தினா அவன் பொழப்பு போகும். என்னை நிறுத்தினா எனக்கு என்ன போகும், பெட்டிக்குத்தான் ஓய்வு.”

ரைட்டர் மேடம் சிரித்துவிட்டார். சரி என்றார். ஆனால் இடையில் வேறு எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் மறுபடி எது காரணம் என்று தெரியாமல் போகும் என்று கண்டித்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் தம்பியின் முகத்தைப் பார்க்க முயன்றாள். அவன் தோள் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

“பைக்குள்ள பார்த்தியா?”

அவள் தலையாட்டினாள்.

“இந்தக் கேள்வி எல்லாத்தையும் வீட்டுலயே கேட்டிருந்தா எனக்கு டீயாவது கிடைச்சிருக்கும்க்கா. இங்க அதுகூடத் தரல.”

சிரிக்கிற மாதிரிதான் சொன்னான். அவள் டீக்கடைப் பக்கம் கையைப் பிடித்து இழுத்தாள். மூட்டை பாதி வழியில் கிடக்கிறது என்று சொல்லி விலகிப் போனான். அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு, கொட்டகை ஆட்கள் சேர்ந்து தங்குகிற அறைக்குப் போய்விட்டான். கோபம் எல்லாம் இல்லை, அங்கிருந்து வேலைக்குப் பக்கம் என்றான். அவள் வீட்டிலிருந்தும் பக்கம்தான். வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

பெட்டியை நிறுத்தச் சொன்னதற்கு டைம்கீப்பர் முறைத்தார். எழுதி வாங்கின பெட்டி, மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று புலம்பினார். வண்டி நேரத்தை மட்டும் அவள் சொன்னாள். எச்சரிக்கை வரவேண்டிய இடத்தில் நாக்கு தானாக அசையும், பல்லைக் கடித்துக்கொள்வாள். ஏதாவது ஒரு திருட்டு நடந்து, சொல்லாமல் விட்டதால்தான் நடந்தது என்று ஆகிவிடுமோ என்று பயம். கீழே யாராவது கத்தினால் எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாள். மேஜையைத் திருப்பிப் போட்டு, ஒயருக்கு ஒட்டுப் போட்டு, கூட்டத்தைப் பார்த்தபடி பேசப் பழகினாள்.

முதல் வாரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு புகார் குறைய ஆரம்பித்தது. ரைட்டர் மேடம் அதையும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மழை நின்றதால்கூட இருக்கலாம், மழையில் எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள் இல்லையா என்றார். அதனால் மாதம் முடிந்ததும் சில நாளைக்குப் பதிவை மறுபடி ஓடவிட்டார்கள். புகார் மறுபடி ஏறியது. சாதாரண உடையில் போலீஸ்காரர்களை நிறுத்தி, தொட்டுப் பார்க்கிற கைகளைப் பார்க்காதீர்கள், அந்தக் கைகளைப் பார்க்கிறவர்களைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் சிக்கினான். அவனோடு, கையில் சாப்பாட்டுக் கூடை வைத்திருந்த ஒரு பெண்ணும் சிக்கினாள். இரண்டு பேருமே வேறு ஏரியா. படத்தில் பச்சை அடித்த ஏரியா.

இப்போது அவள் வேறு மாதிரி சொல்கிறாள். பணத்தை வீட்டிலேயே பிரித்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டிக்குத் தேவையான சில்லறையை மட்டும் கையில் எடுங்கள். ஏறும்போது பையை முன்பக்கம் அணைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவில் பணத்தைத் தொட்டுப் பார்க்காதீர்கள். தொலைந்துபோனால் சின்னத் தொகையானாலும் பின்வாசல் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். இதைக் கேட்டுவிட்டு, முன்பு சொல்லாமல் போன ஜனங்களும் இப்போது போய்ச் சொல்கிறார்கள். அடுத்த படத்திலும் நம் ஏரியா சிவப்பாகத்தான் வரும் என்று ரைட்டர் மேடம் சொல்லிவிட்டார். வரட்டும் என்றாள் மைக் அக்கா.

வெள்ளைச் சட்டைக்காரன் பிடிபட்ட அன்றைக்கே அவள் பார்சல் கொட்டகைக்கு ஓடினாள். தம்பி ஒரு மூட்டையின் வாயைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்: பிடிபட்டது, புகார் இறங்கின கதை, பதிவை ஓடவிட்டதும் ஏறின கதை, அவன் இங்கேயே இருந்தபோதும் இறங்கியது, அதனால் அவன் மேல் ஒன்றும் இல்லை என்று கணக்கே சொல்லிவிட்டது, ரைட்டர் மேடமும் ஒப்புக்கொண்டுவிட்டார். சொல்லும்போது அவள் முகம் பரீட்சை முடிவு கொண்டுவந்தவள் மாதிரி மலர்ந்திருந்தது.

அவன் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

“எனக்கு எதுக்குக்கா இந்தக் கணக்கு? நான் எடுக்கலன்னு எனக்கு முதல் நாளே தெரியுமே.”

ஊர் முழுக்கக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, எதிரில் நின்றவனிடம் பேச முடியாமல் நின்றாள். அவன் மூட்டையைத் தோளுக்கு ஏற்ற ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான். தனி ஆளுக்கு அது கனம். அவள் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தாள்.

“விடுக்கா, அழுக்கு ஒட்டும்” என்றான். ஆனால் அவள் கையைத் தள்ளிவிடவில்லை.